பூட்டு போட்டவன் எழுதுவது

கும்பகோணத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் என் வாடிக்கையாளர்களுக்கு,

கடையில் நின்று பேசினால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நீங்கள் கேட்பதில்லை. "எப்ப ரெடியாகும் தம்பி, எவ்வளவு ஆகும்?" அவ்வளவுதான், வண்டியைக் கிளப்பிவிடுவீர்கள். குறையாகச் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் போனால் நானும் அந்த இரண்டைத்தான் கேட்கிறேன். அதனால்தான் கடையை மூடிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் வீட்டில் ஓடுவது திருட்டு விண்டோஸ். அதைப் போட்டவன் நான்.

"ஃபார்மட் பண்ணி, விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் போட்டுத் தரேன், ஐந்நூறு ரூபாய்." இந்த வாக்கியத்தை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரிஜினல் போடட்டுமா என்று ஆரம்பத்தில் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். விலையைச் சொன்னதும் சிரித்தார்கள். பக்கத்துக் கடையில் கேட்காமலேயே போட்டுக் கொடுத்தார்கள், கூட்டம் அங்கே போனது. நானும் கேட்பதை விட்டுவிட்டேன். இது நம் இரண்டு பேருக்கும் தெரிந்த சங்கதிதான். அதற்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆக்டிவேட்டர் என்று ஒரு சின்ன சாஃப்ட்வேர் உண்டு. பெரிய அலுவலகங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்வது கஷ்டம் என்பதால், அலுவலகத்துக்குள் இருக்கும் ஒரு சர்வரே எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுக்கும்படி மைக்ரோசாஃப்ட் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. கேஎம்எஸ் என்பார்கள். இந்த ஆக்டிவேட்டர் உங்கள் கணினிக்குள்ளேயே அப்படி ஒரு பொய் சர்வரை நடத்தி விண்டோஸை ஏமாற்றும். அதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. விண்டோஸில் கூடவே வரும் டிஃபெண்டர் அதைப் பார்த்தவுடன் பிடித்துவிடும். எனவே ஆக்டிவேட்டரோடு வரும் குறிப்பின் முதல் வரியே 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டவும்' என்றிருக்கும். அணைப்போம். நாளைக்கு மறுபடி பிடிக்கக் கூடாதே என்று அந்த ஃபோல்டரைச் சோதிக்க வேண்டாம் என விதிவிலக்குப் பட்டியலில் சேர்ப்போம். அவசரக்காரர்கள் சி டிரைவ் முழுவதையுமே சேர்த்துவிடுவார்கள். ஆக்டிவேஷன் போய்விடக் கூடாது என்று அப்டேட்டையும் நிறுத்துவோம். காவல்காரன் கண்ணைக் கட்டி, கொல்லைக் கதவைத் தாழ் போடாமல் விட்டு, வாசலில் வந்து "ரெடி சார்" என்று சாவியை உங்கள் கையில் கொடுக்கிற வேலை இது.

போன கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. காவிரிக்கரைக் கோயில்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் படம் எடுத்து, குறிப்பு எழுதி, பதினோரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தார். லீவுக்கு வந்த பேரன் வீடியோ எடிட் செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றின் 'கிராக்'கை, அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பை, தேடி இறக்கினான். டிஃபெண்டர் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? கட்டியவன் நானல்லவா. திரையில் 'விண்டோஸ் அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்' என்று ஒரு பெட்டி வந்தது. பையன் நல்ல பிள்ளை, அணைக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஒரு படமும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு சீட்டு: 980 டாலர் கொடுத்தால் திறந்து தருகிறோம், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490 டாலர். ஆடித் தள்ளுபடி மாதிரி.

ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் சாஃப்ட்வேரை ரான்சம்வேர் என்பார்கள். அதில் இந்த வகைக்கு ஸ்டாப் என்றும் டிஜேவு என்றும் பெயர். 2018 முதல் உலவுகிறது. மருத்துவமனையையும் பெரிய கம்பெனியையும் முடக்கும் ரான்சம்வேர்தான் பேப்பரில் வரும். இது வீடுகளில் புகுவது, அதனால் செய்தியாவதில்லை. இது வரும் வழி பெரும்பாலும் ஒன்றேதான்: கிராக், பொய்ச் சாவி தயாரிக்கும் கீஜென், ஆக்டிவேட்டர். சீக்கிரம் வேலையை முடிக்க ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கிலோபைட்டை மட்டும் பூட்டும். போட்டோவுக்கும் வேர்ட் ஃபைலுக்கும் அதுவே போதும், தலை போன பிறகு உடம்பை வைத்து என்ன செய்ய. பெரிய வீடியோக்கள் சிலவற்றை இந்தக் காரணத்தாலேயே ஓரளவு மீட்க முடிகிறது. அந்தப் போலி அப்டேட் பெட்டிகூட அது காட்டும் வித்தைதான், நீங்கள் அணைத்துவிடாமல் இருக்க. போகிற போக்கில் பிரவுசரில் நீங்கள் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் வேறொரு திருடனையும் உள்ளே இறக்கிவிடும்.

2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் இதன் 148 வகைகளுக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. பூட்டும் நேரத்தில் திருடனின் சர்வரோடு பேச முடியாமல் போனால் இந்த ரான்சம்வேர் தனக்குள் வைத்திருக்கும் பொதுச் சாவியால் பூட்டும், அப்படிப் பூட்டியவற்றைத் திறக்க வாய்ப்புண்டு. சர்வரோடு பேசிவிட்டால் உங்களுக்கென்றே தனிச் சாவி. ஆசிரியர் வீட்டில் அன்று நெட் நன்றாக இருந்தது. யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்திலும் ஏற்றிப் பார்த்தேன். இப்போதைக்கு வழியில்லை என்றுதான் வந்தது. டிஸ்கைக் கழற்றிக் கவரில் போட்டு, ஃபார்மட் செய்யாதீர்கள் என்று எழுதி அவரிடமே கொடுத்திருக்கிறேன். டெஸ்லாகிரிப்ட் என்ற இன்னொரு கும்பல் 2016இல் கடையை மூடும்போது தன் சாவியைத் தானே வெளியிட்டது. அப்படி எப்போதாவது நடப்பதுண்டு. பணம் அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னேன். அனுப்பினாலும் சாவி வரும் என்பதற்கு யார் பொறுப்பு?

அவர் கோபப்படவில்லை. கவரை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒன்று கேட்டார். "பூட்டு போட்டது நீங்கதானே தம்பி?"

இந்தக் கடிதம் அந்தக் கேள்வியால் வந்தது.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். பிசிக்கு வந்த முதல் வைரஸ் என்று பெயர் வாங்கிய 'பிரெய்ன்' 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதியது. அவர்களும் என்னைப்போல் கம்ப்யூட்டர் கடைக்காரர்கள். தாங்கள் எழுதி விற்ற மருத்துவ சாஃப்ட்வேரைத் திருட்டுக் காப்பி எடுக்கிறார்கள் என்ற ஆத்திரத்தில் எழுதியதாகச் சொன்னார்கள். வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை விலாசம், ஃபோன் நம்பர் எல்லாம் வைத்திருந்தார்கள். திருட்டுக் காப்பியும் வைரஸும் அன்றிலிருந்தே ஒட்டு. இப்போது வருகிறவன் விலாசம் மட்டும் வைப்பதில்லை.

சரி, மாற்று என்ன? முதலில் எனக்கே வெட்கமான ஒன்று. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் அதன் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். நாங்கள் அதைப் பார்க்காமல், அதன் மேலேயே திருட்டு விண்டோஸை ஏற்றியிருப்போம். அதே வகை விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிச் சுத்தமாகப் போட்டால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். காசு கொடுத்து வாங்கிய பூட்டை வீட்டிலேயே வைத்துக்கொண்டு களவாணிப் பூட்டை மாட்டியிருந்தோம்.

அசெம்பிள் செட் என்றால் அந்த வசதி இல்லை. உரிமம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு விற்கும் சாவியை மட்டும் நம்ப வேண்டாம். ஆக்டிவேட் செய்யாத விண்டோஸில் மூலையில் ஒரு வாசகம் தெரியும், வால்பேப்பர் மாற்ற முடியாது, ஆனால் பாதுகாப்பு அப்டேட் வரும். உரிமப்படி அது சரி என்று சொல்ல மாட்டேன், ஆக்டிவேட்டர் போட்டதைவிட ஆயிரம் மடங்கு பத்திரம் என்று மட்டும் சொல்வேன். கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் லிப்ரேஆபீஸ் இலவசம், தமிழ் முகப்பிலேயே கிடைக்கிறது. தமிழ் தட்டச்சுக்கென்று எதையும் தேடி இறக்க வேண்டியதில்லை, 2019லிருந்து விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகைகளும் இருக்கின்றன. யூடியூப், மெயில், பேங்க் இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன். 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. கொண்டுவந்த பிள்ளைகள் எல்லாரும் "அண்ணா, அதைத் தூக்கிடுங்க, எடம் அடைக்குது" என்றார்கள். தூக்கினேன். அதிலும் எனக்கு ஐந்நூறு ரூபாய்.

அப்டேட் பற்றி. "அப்டேட் போட்டா ஸ்லோ ஆயிடுது தம்பி, நிறுத்திடு" என்று சொல்லாத ஆள் இல்லை. 2017 மே 12 அன்று வானாகிரை என்ற ரான்சம்வேர் கிளம்பி 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாதம். மாட்டியவை பெரும்பாலும் விண்டோஸ் 7, அதாவது அப்போது அப்டேட் கிடைத்துக்கொண்டிருந்ததுதான். போடவில்லை, அவ்வளவே. யாரும் எந்த லிங்கையும் தட்ட வேண்டியிருக்கவில்லை, கணினியிலிருந்து கணினிக்கு அது தானாகவே தாவியது.

விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்துகொண்டால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு இணைத்தால் இதற்குக் காசு கேட்பதில்லை. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சிப்பை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்காது, அப்படிப்பட்ட செட்டுக்கு நான் மேலே சொன்ன மின்ட்தான்.

வீட்டிலிருந்தே தமிழ் டிடிபி வேலை பார்க்கும் அக்காமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பேஜ்மேக்கரும் பழைய ஃபான்ட்டும் புது விண்டோஸில் சரியாக ஓடுவதில்லை, பத்திரிகை ஃபைலெல்லாம் அந்த ஃபான்ட்டில்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும். எக்ஸ்பியையோ செவனையோ வைத்துக்கொள்ளுங்கள். நெட் ஒயரை மட்டும் பிடுங்கிவிடுங்கள். மெயில் பார்க்க வேறு கணினி, இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பென்டிரைவ், அதை ஜெராக்ஸ் கடையில் சொருகக் கூடாது. ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நீங்கள் அழுதுகொண்டு வந்த நாள் ஞாபகம் இருக்கும்.

கதவு உடைத்து வருகிறவன் குறைவு. நீங்களே வாங்க என்று கூப்பிட்டு வருகிறவன்தான் அதிகம். படம் டவுன்லோட் செய்யப் போவீர்கள், 'நான் ரோபோ அல்ல, அலோ அழுத்தவும்' என்று வரும். அழுத்தியவுடன் அந்தத் தளத்துக்கு உங்கள் திரை மூலையில் அறிவிப்பு அனுப்ப உரிமை வந்துவிடும். அன்றிலிருந்து 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்' என்று நிமிஷத்துக்கு ஒன்று. வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் இதைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். வைரஸே கிடையாது, பிரவுசர் செட்டிங்ஸில் அறிவிப்பு என்ற இடத்தில் அந்தத் தளத்தை நீக்கினால் முடிந்தது. இதற்கு நான் இருநூறு ரூபாய் வாங்கியிருக்கிறேன், இனி வாங்க மாட்டேன்.

இதிலேயே புது ரகம் ஒன்று 2024லிருந்து நன்றாகப் பரவுகிறது. மனிதர்தானா என்று சோதிப்பதாகச் சொல்லி, விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, பிறகு கன்ட்ரோலும் வியும், பிறகு என்டர் என்று மூன்று படி சொல்லும். நீங்கள் அந்தப் பக்கத்தைத் தொட்டபோதே ஒரு கட்டளையை அது உங்களுக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்திருக்கும். மூன்று படியும் முடிந்தால், திருடனின் சாஃப்ட்வேரை இறக்கி ஓட்டச் சொன்னது நீங்களே. ஆன்டிவைரஸுக்கும் குழப்பம், வீட்டுக்காரரே கதவைத் திறக்கும்போது நாய் எப்படிக் குரைக்கும்? எந்த நல்ல தளமும் கீபோர்டில் இப்படித் தட்டச் சொல்லாது. இதை மட்டும் பிள்ளைகளிடம் சத்தமாகச் சொல்லி வையுங்கள்.

திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் ஒலித்து, 'இந்த நம்பருக்குக் கூப்பிடு, அணைக்காதே' என்றால் அணைத்துவிடுங்கள். பவர் பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடித்தால் போதும். கூப்பிட்டால் இனிமையாக ஒருவர் பேசி எனிடெஸ்க் மாதிரி ஒன்றை இறக்கச் சொல்வார். அது நல்ல சாஃப்ட்வேர், நானே உங்களுக்கு அதில் வேலை பார்த்துக் கொடுத்திருக்கிறேன், சிக்கல் அங்கேதான். அதை வைத்துப் பணம் எடுக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் என் கடைக்கு வராதீர்கள், முதலில் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு ஃபோன் போடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. "எதுக்கும் நாளைக்குப் பார்க்கலாம்" என்று தூங்கினால் அது போச்சு.

பாஸ்வேர்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்று, எழுத்தும் எண்ணும் ஆச்சரியக்குறியும் கல என்று உங்களை வதைத்த விதியை 2003இல் எழுதியவர் அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் இருந்த பில் பர். 2017இல் அவரே அதற்கு வருத்தம் தெரிவித்தார், நிஸ்ட்டும் அந்த விதியைக் கைவிட்டது. நீளமாக இருக்கட்டும், இடத்துக்கு ஒன்றாக இருக்கட்டும். நோட்டில் எழுதிப் பீரோவில் வைப்பதில் தப்பில்லை, லாத்வியாவிலிருந்து ஒருத்தன் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. ஜிமெயிலுக்கும் வங்கிக்கும் மட்டுமாவது ஒரே பாஸ்வேர்டு வேண்டாம். ஃபோனில் உறுதி கேட்கும் இரண்டாம் படியைப் போட்டுவிடுங்கள். ரூட்டருக்கு 'அட்மின், அட்மின்' என்று விட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள், 2016இல் மிராய் என்ற ஒன்று இப்படி அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளை முயன்றே லட்சக்கணக்கான கேமராவையும் ரூட்டரையும் பிடித்தது.

"காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா?" என்று கேட்கிறீர்கள். கட்டிப் போடாத டிஃபெண்டர் ஒரு சாதாரண வீட்டுக்குப் போதும். டப்பா ஒன்று விற்றால் எனக்குக் கமிஷன் உண்டு, இருந்தும் சொல்கிறேன்.

கடைசியாகக் காப்பி. மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் ஒருநாள் மாட்டலாம். இடி விழுந்து டிஸ்க் போகலாம், மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வரலாம். கணினியை நான் மீட்டுத் தருவேன். பாகம் இங்கே கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். உங்கள் அம்மாவின் படத்தை எந்தத் தெருவில் வாங்குவேன்? பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் சொன்ன கணக்கு ஒன்று எங்கள் தொழிலில் ஓடுகிறது: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. அவ்வளவுக்குப் போகாவிட்டாலும், ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். திருபுவனம் பட்டுப்புடவை ஒன்றின் விலையில் பாதிகூட ஆகாது. மாதம் ஒருமுறை சொருகி, காப்பி எடுத்து, கழற்றிவிடுங்கள். கழற்றுவதுதான் முக்கியம். சொருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். தலைமையாசிரியரிடமும் எக்ஸ்டர்னல் டிஸ்க் இருந்தது. மேஜைக்குப் பின்னால் ஒயரோடு தொங்கிக்கொண்டிருந்தது.

கூகுள் டிரைவில் இருக்கிறதே என்பீர்கள். தானாக ஒத்துப்போகும் ஃபோல்டரில் இங்கே பூட்டியது அங்கேயும் பூட்டியதாகவே போய்ச் சேரும். பழைய பதிப்பை மீட்கும் வசதி இருக்கிறது என்றாலும், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

நான் போட்ட ஆக்டிவேட்டரை நானே எடுத்துவிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். இனி ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைத் திறந்து வைத்திருப்பேன். என்னிடம் விண்டோஸ் போட்டவர்கள் எடுத்து வாருங்கள். உள்ளதைக் காப்பி எடுத்து, துடைத்து, டிஃபெண்டரின் கட்டை அவிழ்த்து, நல்லதைப் போட்டுத் தருகிறேன். கூலி கிடையாது, ஏற்கெனவே வாங்கிவிட்டேன். கிராக் போட்டோஷாப் திரும்ப வேண்டும் என்று கேட்காதீர்கள். பேரப்பிள்ளைகள் ஊரில் இருந்தால் கூட்டி வாருங்கள், அவர்களிடம்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

சார்ஜரை மறக்காதீர்கள், காப்பி எடுக்க ஒரு டிஸ்க்கும் வேண்டும். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி லேப்டாப் மூடியில் ஒட்டிக் கொண்டு வராதீர்கள். நீங்களே தட்டிக் கொடுங்கள், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர் மெக்கானிக்